நாற்பதாவது பதிவு

நகராட்சியில் காட்சித் தூய்மைப் பிரிவு தொடங்கப்பட்டபோது முதலில் வந்து சேர்ந்தது அதன் பெயர்ப்பலகை. இருபது அடி நீளம். அலுவலகக் கட்டடத்தின் முகப்பில் ஏற்கெனவே பதினோரு பலகைகள் இருந்ததால் பன்னிரண்டாவதை மாட்ட இடமில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, பிரிவுக்கு ஒதுக்கிய அறையின் ஜன்னல்களுக்குக் குறுக்கே மாட்டினார்கள். அன்றிலிருந்து, ஊரில் கண்ணை உறுத்தும் பொருள்களைக் கண்டுபிடிக்கும் அந்தப் பிரிவு நடுப்பகலிலும் குழல்விளக்கு போட்டுக்கொண்டுதான் வேலை செய்தது.

பிறப்பு இறப்புப் பதிவிலிருந்து மூன்று பேரை அங்கே மாற்றினார்கள். அவர்களில் ஒருவருக்குப் ‘பார்வை அளவர்’ என்று பதவி. நாற்பத்தாறு வயது. இருபது வருடமாகப் பிறந்தவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் சான்றிதழ் எழுதியவர். ஒரு கொம்பு, ஒரு புள்ளி தவறாது என்று பெயர் எடுத்தவர். அவரிடம் ஒரு அளவு நாடா, ஒரு கேமரா, நிறங்களைப் பொருத்திப் பார்க்க ஒரு அட்டை, பதினான்கு கலங்கள் கொண்ட படிவக் கட்டு எல்லாம் கொடுத்து ஒரு நாள் பயிற்சியும் கொடுத்தார்கள். பயிற்சி கொடுத்தவர் பிரிவின் இயக்குநர்.

“கண்ணு இருக்கிறவன் எல்லாம் பாக்கிறான்,” என்று இயக்குநர் ஆரம்பித்தார். “நாம பாக்கிறதுக்கு வரலை, பதிவு பண்ண வந்திருக்கோம். எது அசிங்கம்னு உங்களுக்குத் தோணக்கூடாது. படிவத்துக்குத் தோணணும். உங்களுக்குத் தோண ஆரம்பிச்சா அப்புறம் ஆளுக்கு ஒண்ணு தோணும். நிர்வாகம் நடத்த முடியாது.”

அளவர் இதைக் குறித்துக்கொண்டார்.

பதினான்கு கலங்களில் நீளம், அகலம், நிறம், தொங்குவதா நிற்பதா, அசையுமா அசையாதா என்பவை முக்கியமானவை. கடைசிக் கலம் ‘உறுத்தல் அளவு’. ஒன்றிலிருந்து பத்துக்குள் போட வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது பதிவு. குறைந்தால் அன்று விடுப்பு எடுத்ததாகக் கணக்கு.

முதல் நாள் அளவர் வெள்ளந்தியாக ஒரு காரியம் செய்தார். நாற்சந்தியில் அறுபது அடி உயரத்துக்கு ஒரு மெத்தை விளம்பரம் நின்றது. அதில் ஒரு பெண் வாயைத் திறந்து சிரித்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய முழங்காலுக்குப் பின்னால் நான்கு வீடுகள் இருந்தன. அளவர் அதை அளந்து, உறுத்தல் பத்து என்று போட்டுக் கொண்டுபோனார். இயக்குநர் சிவப்பு மையால் அடித்தார்.

“ஐயா, நாலு வீட்டை மறைக்குதே?”

“கீழே அனுமதி எண் போட்டிருக்கா?”

“போட்டிருக்கு.”

“அப்ப அது மறைக்கலை. அந்த வீடுங்கதான் அதுக்குப் பின்னாடி இருக்கு.”

அதற்குப் பிறகு அளவர் நிமிர்ந்து பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார். அனுமதி எண் இல்லாத பொருள்கள் எல்லாம் பெரும்பாலும் இடுப்பு உயரத்துக்குக் கீழேதான் இருந்தன. உடைந்த வாளி, காய்கறி மூட்டையை மூடிய கிழிந்த தார்ப்பாய், பாதி வெள்ளையடித்து நிறுத்திய சுவர், வாசலில் காயும் மிதியடி எல்லாவற்றையும் எழுதினார். முடிதிருத்தும் கடைக்கு வெளியே நாற்காலியில் ஒரு கிழவர் உட்கார்ந்தபடி தூங்குவார். முடி வெட்டிக்கொள்ள வந்தவர் இல்லை, தூங்கத்தான் வருவார். அளவர் அவரைச் சுற்றி நாடாவைப் பிடித்தபோது கடைக்காரர் கத்தியும் கையுமாக வெளியே வந்தார்.

“சார், நாற்காலியை அளக்கிறீங்களா, பெருசையா?”

“ரெண்டும் சேர்ந்துதான் கண்ணுக்குத் தெரியுது.”

“அவரு அசையும் பொருளா, அசையாப் பொருளா?”

அளவர் கொஞ்ச நேரம் கிழவரைக் கவனித்துவிட்டு, ‘எப்போதாவது’ என்று எழுதினார்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் மாலை ஐந்து மணிக்கு அவரிடம் முப்பத்தொன்பது பதிவுகள் இருந்தன. கால் வலித்தது. நின்ற இடம் அக்காவின் தெரு, அந்த முடிதிருத்தும் கடை இருக்கும் தெருதான். மாடியேறி அக்கா வீட்டுக்குப் போனார்.

அக்கா தையல்காரி. கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். தெருவைப் பார்த்த முன்னறையில் பெரிய ஜன்னல். அதன் அடியில் தையல் மெஷின். பள்ளிக்கூடச் சீருடைகள், திரைச்சீலைகள், ஜிப் போன கால்சட்டைகள் என்று எது வந்தாலும் அந்த ஜன்னல் வெளிச்சத்தில்தான் தைப்பாள். தைத்து முடித்தவற்றை ஜன்னலுக்கு வெளியே கம்பியில் மாட்டுவாள். அன்று சீருடை வாங்க ஒரு அம்மாவும் மகளும் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏன்டா, காலைலேருந்து எதைத்தான் அளந்தே?” என்று டீயை நீட்டியபடி அக்கா கேட்டாள்.

“ரெண்டு கதவு, ஒரு துணிக்கொடி. அப்புறம் ஒரு செருப்புக் குவியல்.”

“செருப்பா? யார் வீட்டுச் செருப்பு?”

“யார் வீடுன்னு எழுத மாட்டோம். எத்தனை ஜோடின்னு எழுதுவோம்.”

“அந்த வேலைக்கு ஒரு நாயைப் போட்டிருக்கலாமே. ஒண்ணொண்ணாத் தூக்கிட்டும் போயிடும். இடமும் சுத்தமாயிடும்.”

அக்கா சிரித்தாள். அந்த அம்மா சிரித்தார். மகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அளவரும் சிரித்தார். டீயை முடித்துவிட்டு இறங்கினார்.

தெருவில் நின்று மேலே பார்த்தார். கம்பியில் ஏழு பாவாடைகள், ஒரு ஆரஞ்சு நிறத் திரைச்சீலை, ஒரு கை மட்டும் தைத்த கோட்டு. அளவர் படிவத்தை எடுத்தார். ‘ஜன்னலில் தொங்கும் துணிகள். நிறங்கள் ஒன்றோடொன்று ஒவ்வாதவை. நீளம் பதினோரு அடி. காற்றில் அசையும்.’ உறுத்தல் அளவு என்ற கலத்தில் ஆறு என்று போட்டார். மாடியிலிருந்து இன்னொரு தடவை சிரிப்புச் சத்தம் கேட்டது. வேறு எதற்காவது சிரித்திருப்பார்கள். அளவர் ஆறை அடித்துவிட்டு எட்டு என்று போட்டார். நாற்பது ஆகிவிட்டது. வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்து ஆணை வந்தது. உறுத்தல் அளவு ஏழு வரை ஓர் எச்சரிக்கைக் கடிதம் போதும். எட்டும் அதற்கு மேலும் என்றால் திரை. பொருள் இருக்கும் இடத்தை முழுவதுமாக மறைத்து, அந்த இடம் எப்படி இருந்திருக்க வேண்டுமோ அப்படி அச்சடித்த தடித்த துணியைக் கட்டிவிடுவது.

அளவர் இயக்குநரின் மேசை முன்னால் போய் நின்றார்.

“ஐயா, ஒரு பதிவுல தப்பு நடந்துடுச்சு.”

“எழுத்துப் பிழையா?”

“இல்லைங்க. ஆறு போட வேண்டிய இடத்துல எட்டு போட்டுட்டேன்.”

“எட்டு போட்டப்ப எட்டாத்தானே தெரிஞ்சிருக்கும்? இப்ப ஆறாத் தெரியுதுன்னா உங்க கண்ணு பழகிடுச்சுன்னு அர்த்தம். பழகின கண்ணோட வாக்குமூலத்தை நாம எடுத்துக்கிறதில்லை.” இயக்குநர் பரிவோடு பார்த்தார். “ரெண்டு நாள் லீவு போடுங்க. எதையும் பாக்காம இருங்க. சரியாயிடும்.”

அவர் திரும்பும்போது இயக்குநர் கூப்பிட்டார். “திரைங்களுக்கு ஓரம் அடிச்சு வளையம் வைக்கணும். நல்லாத் தைக்கிற ஆள் யாராவது தெரியுமா?”

குற்றம் செய்தவனுக்குப் பரிகாரம் எங்கே கிடைத்தாலும் கை நீளும். அளவர் அக்காவைச் சொல்லிவிட்டார்.

அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அறுபத்து மூன்று திரைகள். முன்னறை முழுக்கத் துணி மலைபோல் கிடந்தது. தடித்த ஊசி வாங்கிப் போட்டுத் தைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவர் போனபோது ஒரு திரையின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள்.

“இதைப் பாரேன். நம்ம வீட்டு மாடிப்படி மாதிரியே இருக்கு, கைப்பிடி உடைஞ்சதுகூட. ஆனா ஜன்னல்ல பூந்தொட்டி, உள்ளே மஞ்சள் விளக்கு. யாரோ நல்லா வாழறாங்கடா.”

அளவர் துணியைச் சுருங்காமல் இழுத்துப் பிடித்தார்.

“ஆமாக்கா,” என்றார்.

“நீ சொன்னதாலதான் இந்த வேலை கிடைச்சது. அன்னைக்கு நாய் அது இதுன்னு உன்னைக் கிண்டல் பண்ணிட்டேன். மனசுல வெச்சுக்காதே.”

அன்று மாலை வீட்டில் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்ததைப் பார்த்து மனைவி விசாரித்தாள். சொன்னார்.

“நாளைக்கே போய்ச் சொல்லிடுங்க,” என்றாள் மனைவி.

“சொல்லலாம்னுதான் இருக்கேன்.”

“இருக்காதீங்க. சொல்லுங்க.”

அவர் சொல்லவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது.

“டேய், உங்க ஆபீஸ் ஆளுங்க இடம் தெரியாம நம்ம வீட்டுல ஏறித் திரையைக் கட்டுறாங்க. நீ சீக்கிரம் வந்து சொல்லு.”

“மீட்டிங்ல இருக்கேன்க்கா,” என்றார் அளவர். அவர் அலுவலக மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

இரண்டு நாள் கழித்து அக்கா மனுவோடு நேரில் வந்தாள். தம்பியின் அலுவலகம் என்பதால் வெளியே போகும்போது மட்டும் உடுத்தும் நல்ல புடவையில் வந்திருந்தாள். இயக்குநர் அவளை உட்காரச் சொன்னார். அளவரைக் கோப்புடன் பக்கத்தில் நிற்கச் சொன்னார்.

“திரைல உங்க ஜன்னல் திறந்துதானேம்மா இருக்கு?”

“படத்துல திறந்திருக்கு.”

“உள்ளே வெளிச்சம் இருக்கிற மாதிரிதானே அடிச்சிருக்கோம்?”

“தெருவுல போறவங்களுக்கு இருக்குங்க. எனக்கு இருட்டா இருக்கு. ஊசியில நூல் கோக்க முடியலை. விளக்கு போட்டுத் தெச்சா கறுப்பும் நீலமும் ஒண்ணாத் தெரியுது. நேத்து ஒரு பையன் கால்சட்டையில ஒரு கால் கறுப்பு, ஒரு கால் நீலம்.”

“தெருவுல போறவங்களுக்காகத்தாம்மா இந்தப் பிரிவே. உள்ளே இருக்கிறவங்களுக்குன்னு வேற பிரிவு வரும். அது வந்ததும் இந்த மனுவை அங்கே அனுப்பிடுவோம்.”

அக்கா எழுந்துகொள்ளவில்லை.

“என் தம்பி இங்கேதான் வேலை பாக்கிறான். அவன் கண்ணுல பட்டிருந்தா என் வீட்டை இப்படி எழுத விட்டிருப்பானா? யாரோ முன்னே பின்னே தெரியாத ஆள் எழுதியிருக்கான்.”

அளவர் கையில் இருந்த ஸ்டேப்ளரை அழுத்தினார். அதில் பின் இல்லை. மறுபடியும் அழுத்தினார்.

“உங்க தம்பியைப் பத்தி எனக்குத் தெரியாதா?” என்றார் இயக்குநர் நெகிழ்ச்சியுடன். “வேண்டியவங்க வேண்டாதவங்கன்னு பாக்கவே மாட்டார். அவரை மாதிரி ஒருத்தரை நான் பாத்ததே இல்லை.”

அக்காவின் முகம் மலர்ந்தது. தம்பியைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, மனுவுக்கு ரசீது வாங்கிக்கொண்டு போனாள்.

ரசீது கொடுத்த எட்டாம் நாள் அந்தத் தெருவை, ஊரின் முதல் காட்சி மாசற்ற தெருவாக அறிவிக்க விழா ஏற்பாடானது. ‘இந்தத் தெரு காட்சி மாசற்றது’ என்று இருபத்திரண்டு பலகைகள் நட்டார்கள். ஒரு பலகை பேருந்து நிறுத்தத்தின் எண்ணை மறைத்தது. ஒன்று சிக்னலை மறைத்தது. பதினேழாவது பலகையைப் பதினெட்டாவது மறைத்ததால் பத்தொன்பதாவதைக் கொஞ்சம் உயரமாக நட்டார்கள். நாற்காலிக் கிழவரை அன்று ஒரு நாள் மட்டும் வீட்டில் தூங்கும்படி எழுத்துமூலம் கேட்டுக்கொண்டார்கள்.

சிறப்பு விருந்தினராக ஆணையர் வந்தார். இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

“மூணு மாசத்துக்கு முன்னாடி இந்தத் தெருவுல வீடுங்க இருந்தது. இன்னைக்கு ஒண்ணாவது கண்ணுல படுதா?”

கைத்தட்டல்.

“அசிங்கத்தை ஒழிக்கணும்னா நூறு வருஷம் ஆகும். அதுக்கு ஆள் வேணும், மனசு வேணும், எல்லாரும் ஒத்துழைக்கணும். ஆனா பார்வையை ஒழிக்க மூணு மாசமே போதும்னு நாங்க நிரூபிச்சிருக்கோம்!”

பெரிய கைத்தட்டல். அது அடங்குவதற்குள் மேலே ‘கரக் கரக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. எல்லோரும் நிமிர்ந்தார்கள். பூந்தொட்டி வைத்த அந்தப் படத்து ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு கத்திரிக்கோலின் நுனி வெளியே வந்தது. இடமிருந்து வலமாக ஒரு வெட்டு. அப்புறம் இரண்டு பக்கமும் கீழ்நோக்கி. துணி மடங்கி விழுந்ததும், மஞ்சள் விளக்கு இருந்த இடத்தில் அக்காவின் முகம் தெரிந்தது. வாயில் இரண்டு குண்டூசிகளைக் கடித்திருந்தாள்.

“அடேயப்பா, என்ன தத்ரூபம்!” என்றார் ஆணையர். “ஆளைக்கூட அச்சடிச்சிருக்கீங்களே?”

“நவீனத் தொழில்நுட்பம் சார்.”

“கொஞ்சம் கோபமா இருக்கிற மாதிரி தெரியுதே?”

“வெயில் அப்படி விழுது சார்.”

அக்கா குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்தாள். கூட்டத்தின் ஓரத்தில் கோப்போடு நின்றவரைக் கண்டுவிட்டாள்.

“தம்பி! டேய்! உங்க பெரிய சார்கிட்ட சொல்லுடா, உள்ளே ஒண்ணும் தெரியலைன்னு!”

“பேசுது!” என்றார் ஆணையர். “யாரைக் கூப்பிடுது?”

இயக்குநர் உதடு அசையாமல் அளவரிடம், “கேக்காத மாதிரி நில்லுங்க,” என்றார்.

“தம்பி!” என்று அக்கா இரண்டாவது தடவை கூப்பிட்டாள்.

அளவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். ஆணையரும் கூட்டமும் நிமிர்ந்தபடியே கைதட்டினார்கள். கைத்தட்டல் ஓய்ந்தபோது படத்து ஜன்னலில் யாரும் இல்லை.

ஆணையரின் கார் போன உடனே இயக்குநர் அளவரைத் தனியே அழைத்தார். “திரையில ஓட்டை. உடனே பதிவு பண்ணுங்க. உறுத்தல் பத்து. அதுக்கு மேல இன்னொரு திரை கட்டிடலாம்.”

அளவர் நாடாவோடு மாடியேறினார். முன்னறை இருட்டாக இருந்தது. வெட்டிய ஓட்டை வழியாக ஒரு கைக்குட்டை அகலத்துக்கு வெயில் உள்ளே வந்து மெஷின் மேல் விழுந்திருந்தது. அந்த அளவு இடத்துக்குள் துணியை நகர்த்தி நகர்த்தி அக்கா தைத்துக்கொண்டிருந்தாள்.

“கூப்பிட்டேனே, காதுல விழலையா?”

“விழுந்தது.”

“அப்புறம் ஏன்டா நிமிர்ந்தே பாக்கலை? பெரிய சார் இருக்காருன்னு பயந்துட்டியா? சரி விடு. வேலைன்னு ஒண்ணு இருக்கில்ல.”

அவளே காரணமும் சொல்லி, அவளே மன்னித்தும்விட்டாள். அதைத்தான் அளவரால் தாங்க முடியவில்லை.

“அக்கா, உன் வீட்டை எழுதினது நான்தான்.”

மெஷின் நிற்கவில்லை. “எதை எழுதினே?”

“கம்பியில தொங்கின துணியை. அன்னைக்கு டீ குடிச்சிட்டுக் கீழே இறங்கினேனே, அப்ப. நாற்பதுக்கு ஒண்ணு குறைஞ்சது. முதல்ல ஆறுதான் போட்டேன். ஆறுன்னா வெறும் கடிதம்தான் வந்திருக்கும். அப்புறம் எட்டாக்கினேன்.”

மெஷின் நின்றது.

“ஏன்?”

“நீ சிரிச்சே. அவங்க முன்னாடி.”

அக்கா தைத்துக்கொண்டிருந்த துணியைப் பார்த்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“உன்னைப் பாத்துச் சிரிக்காம நான் வேற யாரைப் பாத்துடா சிரிக்கிறது?” என்றாள்.

அளவர் அங்கேயே நின்றார். இந்தத் திரைக்கு ஓரம் அடிக்கும்போது மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றது அவளுக்கும் அந்த நேரத்தில் நினைவு வந்திருக்க வேண்டும். ஏனென்றால் அவள் அவருடைய முகத்தைப் பார்க்காமல் கைகளைப் பார்த்தாள்.

அவர் கீழே இறங்கினார். முடிதிருத்தும் கடையிலிருந்து ஏணியை வாங்கி வந்து சாத்தினார். திரைக்கு ஒன்பது முடிச்சுகள். பட்டப்பகலில், தெரு முழுவதும் பார்க்க, ஒவ்வொன்றாக அவிழ்த்தார். தையல் உறுதியாக இருந்ததால் வளையம் ஒன்றுகூடப் பிய்ந்து வரவில்லை. கடைசி முடிச்சு அவிழ்ந்ததும் திரை மொத்தமாகச் சரிந்து, பதினேழாவது, பதினெட்டாவது பலகைகளின் மேல் விழுந்தது.

மறுநாள் அவருக்குக் குறிப்பாணை வந்தது. ‘முன் அனுமதியின்றி ஒரு குடியிருப்பை வெளிப்படுத்தியமைக்கு’ என்று அதில் குற்றம் எழுதியிருந்தது. விளக்கத்தில் அளவர் எல்லாவற்றையும் உள்ளபடி எழுதினார். ஆறு எட்டானதையும் எழுதினார். தெருவுக்கு ஏற்கெனவே விருது அறிவித்துவிட்டதால், அதில் உள்ள எந்தப் பதிவும் தவறாக இருக்க வாய்ப்பில்லை என்று இயக்குநர் முடிவு செய்தார். அளவரின் விளக்கத்தை ‘மிகையான பணிவு’ என்று குறித்து, பாராட்டுச் சான்றிதழ் ஒன்று கொடுத்து, அவரைப் பிறப்பு இறப்புப் பிரிவுக்கே திருப்பி அனுப்பினார். விழுந்த திரையைக் கட்ட ஆள் வரவில்லை. அதற்கான கோப்பு அளவர் கையெழுத்துக்காக அவருடைய பழைய மேசையிலேயே காத்திருப்பதாகச் சொன்னார்கள்.

பத்து நாள் பொறுத்து அளவர் அக்கா வீட்டுக்குப் போனார். முன்னறையின் ஜன்னல் விரியத் திறந்திருந்தது. கம்பியில் துணிகள் ஆடின. சீருடை அளவு கொடுக்க வேறொரு பெண்மணி வந்து உட்கார்ந்திருந்தார். அக்கா மெஷினிலிருந்து எழுந்தாள்.

“வாங்க,” என்றாள். “உக்காருங்க.”

அளவருக்கு முதலில் விளங்கவில்லை. பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. அக்கா நாற்காலியில் இருந்த துணிகளை எடுத்துவிட்டு, புடவைத் தலைப்பால் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கண்ணாடித் தம்ளரைச் சாஸரில் வைத்து டீ கொண்டுவந்தாள். அந்த வீட்டில் சாஸர் இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரியும்.

“யாருங்க இவரு?” என்று கேட்டார் அந்தப் பெண்மணி.

“ஆபீஸ்லேருந்து வந்திருக்காங்க,” என்றாள் அக்கா.

அளவர் டீயைக் குடித்தார். சூடாக இருந்தும் வேகமாகக் குடித்தார். அக்கா அந்தப் பெண்மணியின் மகளுக்குத் தோள் அளவு எடுத்து எழுதிக்கொண்டாள். நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. வாடிக்கையாளர்களிடம் பேசும் மரியாதைதான் இருந்தது.

“வேற ஏதாவது அளக்கணுமா சார்?”

“இல்லீங்க,” என்று அவர் வாயிலிருந்தும் வந்துவிட்டது.